அச்சில் நிற்கும் கூம்பு

காபிக்கொட்டை அரைக்கக் கை கிரைண்டர் ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது மூன்று தகவல்கள். அரைக்கும் பல் எஃகா பீங்கானா, அதன் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், அளவுத் திருகைச் சுற்றினால் எத்தனை கிளிக். மூன்றும் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் கோப்பையில் இறங்கும் காபியைத் தீர்மானிப்பதில் இவற்றுக்கெல்லாம் முந்தி நிற்கும் ஒன்று பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் எழுதப்படுவதில்லை. கொட்டையை உடைக்கும் அந்த நேரத்தில், சுழலும் கூம்பு தன் வளையத்தின் நட்டநடுவில் நிற்கிறதா, அங்குமிங்கும் அலைகிறதா என்பதே அது. கூம்பு நடுவில் நிற்காவிட்டால் பல்லின் கூர்மையும் கிளிக்கின் நுணுக்கமும் பெரும்பகுதி வீண். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் பட்டறை அறிவும் போதும்.

கை கிரைண்டருக்குள் முக்கியமாக இருப்பவை இரண்டே உறுப்புகள். வெளியே, உடலோடு அசையாமல் பொருந்திய ஒரு வளையம். அதன் உட்சுவரெங்கும் பற்கள். உள்ளே, தண்டின் முனையில் ஒரு கூம்பு. மேலே ஒடுங்கிக் கீழே அகன்று, புறமெங்கும் சாய்வான பற்களோடு இருக்கும். இவற்றைத்தான் ‘பர்’ என்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் தண்டும் கூம்பும் சேர்ந்து சுழலும். மேலிருந்து விழும் வறுத்த கொட்டையைக் கூம்பின் தலைப்பகுதியில் உள்ள பெரிய பற்கள் கவ்விச் சில துண்டுகளாக உடைக்கின்றன. துண்டுகள் இறங்க இறங்க, கூம்புக்கும் சுவருக்கும் இடையிலான சந்து குறுகிக்கொண்டே வருகிறது; பற்களும் சிறுத்துக்கொண்டே வருகின்றன. அடிவிளிம்பில் உள்ள சந்துதான் வாசல். அதில் நுழையும் அளவுக்குச் சிறுத்த துணுக்கு வெளியே விழும்; நுழையாதது இன்னொரு கடி வாங்கும். அளவுத் திருகு செய்வதெல்லாம் கூம்பை மயிரிழை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும்தான். ஏற்றினால் சந்து குறுகித் தூள் நைசாகும். இறக்கினால் சந்து அகன்று தூள் பருபருவென்று வரும்.

அந்த வாசல் எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? தூளின் உள்ளே இருக்கும் சாரம் நீரில் கரைந்து, துணுக்கின் நடுவிலிருந்து ஊடுருவி வெளியே வர வேண்டும். இதற்குப் பிடிக்கும் நேரம் துணுக்கின் அளவோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. அளவின் இருபடியாகக் கூடுகிறது. இருமடங்கு பெரிய துணுக்குக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஆகவே 200 மைக்ரான் துணுக்கும் 400 மைக்ரான் துணுக்கும் ஒரே ஃபில்டரில் கலந்து கிடந்தால், சின்னது தன் சாரத்தையெல்லாம் விட்டுக் கசப்பைத் தரத் தொடங்கும் வேளையில் பெரியது பாதி வழியில்தான் இருக்கும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்து, நடுவில் இருக்க வேண்டிய இனிமை காணாமல்போவது இப்படித்தான். நீர் இறங்கும் வேகத்தையும் இதே கலவை கெடுக்கிறது. மாவரைக்கிறவர்கள் கப்பி என்று சொல்லும் பெரிய துணுக்குகளின் இடைவெளிகளில் மாவு போன்ற நைஸ் தூள் போய் அடைத்துக்கொள்கிறது. பித்தளை ஃபில்டரில் டிகாஷன் சொட்டாமல் நின்றுவிட்டால் மேல்பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். அந்த அடைப்பில் தூளை அழுத்தியதற்கும் சிக்கரிக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு அந்த மாவுக்குத்தான்.

இனி கணக்கு. வளையத்தின் நடுவிலிருந்து கூம்பு 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, விலகி நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சாதாரண ஏ4 தாளின் கனம் அவ்வளவுதான். திருகில் நாம் வைத்த சந்து 300 மைக்ரான். கூம்பு நகர்ந்த பக்கம் சந்து சுமார் 200 ஆகிவிடுகிறது. நேர் எதிர்ப்பக்கம் சுமார் 400. தாளின் கனம் அளவுக்கு ஒரு விலகல், வாசலின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தைப்போல் இருமடங்காக்கிவிட்டது. சராசரி 300தானே என்று ஆறுதல் கொள்ள முடியாது. துணுக்குகள் சராசரி பார்த்து வெளியேறுவதில்லை. கூம்பைச் சுற்றி உருண்டபடி இறங்கும் துணுக்கு, வழி அகலமாக இருக்கும் பக்கத்தில் தப்பிவிடுகிறது. அதனால் கிண்ணத்தில் விழுந்ததைப் பார்ப்பவருக்குத் தூள் பருமனாகத் தெரிகிறது; திருகை இன்னும் இறுக்குகிறார். அகன்ற பக்கம் 400இலிருந்து 300க்கு வரும்போது, குறுகிய பக்கம் 200இலிருந்து 100க்கு வந்துவிடுகிறது. இருமடங்காக இருந்த வித்தியாசம் இப்போது மும்மடங்கு. கப்பியைக் குறைக்கப் போய் மாவைக் கூட்டிக்கொண்டதுதான் மிச்சம். நடு விலகிய கிரைண்டரில் ‘நைசாக வைத்தால் கசக்கிறது, பருமனாக வைத்தால் தண்ணீராக இருக்கிறது, நடுவில் ஓர் இடமே கிடைக்கவில்லை’ என்று சொல்கிறவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

கூம்பு வடிவத்துக்கு இதில் ஒரு தனிக்குணம் உண்டு. சுவர் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். கூம்பை 100 மைக்ரான் மேலே ஏற்றினால் சந்து குறைவது 34 மைக்ரான்தான். அதே 100 மைக்ரான் பக்கவாட்டில் நகர்ந்தாலோ சந்து 94 மைக்ரான் மாறிவிடுகிறது. மேல்கீழ் அசைவு மூன்றில் ஒரு பங்காகத் தணிந்து போகிறது. பக்கவாட்டு அசைவு ஏறக்குறைய முழுசாகப் பாய்கிறது. கையால் திருகும் ஒரு சிறு கருவியில் இவ்வளவு நுணுக்கமாக அளவு வைக்க முடிவதற்கு முதல் பாதிதான் காரணம். அதே வடிவம் நடு விலகலை மட்டும் கொஞ்சமும் மன்னிப்பதில்லை. தட்டை பர் இதற்கு நேர்மாறு. நம் கல் திருகை அந்த இனம்: இரண்டு தட்டுகள் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கும், சந்து மேல்கீழாக இருக்கும். அங்கே தட்டு சற்றுப் பக்கவாட்டில் விலகினால் பெரிய நஷ்டமில்லை. சாய்ந்தால்தான் ஒரு விளிம்பு நெருங்கி மறு விளிம்பு அகலும்.

பர்களைச் சீராக நிறுத்துவது பற்றிய பேச்சு காபி உலகில் சூடுபிடித்தது இந்தத் தட்டை வகையில்தான். ஜெர்மனியின் மால்கோனிக் நிறுவனம் தயாரிக்கும் இகே43 என்ற கடை கிரைண்டரில் 98 மில்லிமீட்டர் தட்டை பர்கள் உண்டு. 2013இல் மெல்போர்னில் நடந்த உலக பரிஸ்டா போட்டியில் ஆஸ்திரேலியரான மேட் பெர்கர் அதைக் கொண்டு எஸ்பிரெசோ போட்டு இரண்டாம் இடம் பெற்ற பிறகு, அது பல நாடுகளின் காபிக்கடைகளுக்குள் நுழைந்தது. கூடவே ஒரு கைவேலையும் பரவியது: பர் விளிம்பில் ஒயிட்போர்டு மார்க்கரால் மை தடவி, மெல்ல உரசவிட்டு, எந்தப் பக்கம் மை அழிகிறது என்று பார்ப்பது, அழியாத பக்கத்தின் பின்னால் அலுமினியத் தாள் துண்டு வைத்துத் தூக்குவது. நல்ல முறைதான். ஆனால் அது சாய்வைத் திருத்தும் முறை. கூம்பு வகைக் கை கிரைண்டரில் அதே தாளைச் செருகுகிறவர்கள் பெரிதாகப் பலன் காணாததற்குக் காரணம், அங்கே திருத்த வேண்டியது பக்கவாட்டு விலகல் என்பதுதான்.

அந்த விலகலிலும் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பல வாதங்கள் முடிவில்லாமல் சுற்றுகின்றன. ஒன்று, செய்யும்போதே விழுந்த கோணல்: வளையம் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும், அல்லது தண்டின் முனையில் கூம்பு நேராக ஏறியிருக்காது. லேத் பட்டறைக்காரர்கள் ‘சென்டர் அவுட்’ என்பது இதைத்தான். இது எப்போதும் ஒரே அளவில் இருக்கும். அரைத்தாலும் அரைக்காவிட்டாலும் மாறாது. இன்னொன்று ஆட்டம். தண்டைத் தாங்கும் துளைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள தளர்ச்சியால், சுமை வரும்போது கூம்பு நகர்வது. இது கைக்குக் கை, கொட்டைக்குக் கொட்டை, வைத்த அளவுக்கு அளவு மாறும். மின்சார கிரைண்டரில் மோட்டார் தண்டை வெறுமனே திருப்புகிறது. கையோ திருப்புவதோடு நிற்பதில்லை. நீண்ட கைப்பிடியின் முனையைப் பிடித்து வட்டமாகத் தள்ளும்போது, தண்டின் தலையைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பக்கமாகச் சாய்க்கவும் செய்கிறோம். இலேசாக வறுத்த கடினமான கொட்டை சிக்கும்போது அந்தச் சாய்ப்பு இன்னும் பலமாகிறது. ஆகவே கை கிரைண்டரில் ஆட்டத்துக்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

இதற்குச் சரியான சாட்சி ஜப்பானின் ஹாரியோ நிறுவனத்தின் ஸ்கெர்டன். வீட்டில் கையால் காபி அரைக்கும் வழக்கம் திரும்பி வந்த காலத்தில் பல நாடுகளில் பலருக்கும் முதல் கிரைண்டராக அமைந்தது அது. பீங்கான் பர், கண்ணாடிக் கிண்ணம், மலிவான விலை. அதன் பழைய அமைப்பில் தண்டு மேல்பகுதியில் மட்டும் பிடிக்கப்பட்டிருந்தது. கூம்பு கீழே ஆதரவில்லாமல் தொங்கியது. நைசாக வைத்தால் ஓரளவு சீரான தூள் வரும். ஃபிரெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பருமனாக வைத்தால் முழுக்கொட்டையில் பாதியளவு கப்பியும் மாவும் சேர்ந்து விழும். சுற்றும்போது கூம்பு ஊசலாடுவது அடியிலிருந்து பார்த்தாலே தெரியும். இத்தனைக்கும் நைசிலும் பருமனிலும் அரைப்பது அதே பற்கள்தான், கூர்மை மாறவில்லை. மாறியது, கூம்பு எவ்வளவு தூரம் அலைய இடம் இருந்தது என்பது மட்டுமே. நைசாக வைக்கும்போது கூம்பு வளையத்துக்குள் ஏறி நெருங்கி நிற்பதால் அலைய இடமில்லை. பருமனில் கூம்பு இறங்கியதும் இடம் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஆர்ஃபன் எஸ்பிரெசோ என்ற சிறு நிறுவனம், தண்டைக் கீழேயும் பிடித்து நிறுத்தும் துணைப்பொருள் ஒன்றைச் செய்து விற்றது. பர்ரைத் தொடவே இல்லை. கீழே ஒரு பிடிப்பு கொடுத்தது, அவ்வளவுதான். பருமனான தூளில் கப்பி குறைந்தது. பின்னால் வந்த ஸ்கெர்டன் வகைகளில் ஹாரியோவே கீழே ஒரு தாங்குதகடு சேர்த்தது. பல்லை மாற்றாமல் ஆட்டத்தை மட்டும் குறைத்தபோது தூள் சீரானது என்ற இந்த ஒரு விஷயம், பல விளம்பரங்களைவிட அதிகம் சொல்கிறது.

கீழ்ப்பிடிப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும் எளிய கணக்குதான். தண்டை இரண்டு புஷ்கள், அதாவது தாங்கு குழல்கள், தாங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 50 மைக்ரான் தளர்ச்சி. இரண்டுக்கும் இடையே 40 மில்லிமீட்டர். கீழ்புஷ்ஷிலிருந்து கூம்பு இன்னும் 40 மில்லிமீட்டர் கீழே. மேல்புஷ்ஷில் தண்டு ஒரு பக்கமும் கீழ்புஷ்ஷில் மறுபக்கமும் ஒதுங்கினால், நெம்புகோல் விதிப்படி கூம்பு நடுவிலிருந்து 75 மைக்ரான் விலகும். இப்போது புஷ்களை மாற்றாமல் கீழ்ப்பிடிப்பை மட்டும் கூம்புக்கு 10 மில்லிமீட்டர் மேலே கொண்டுவருவோம்; இரண்டுக்கும் இடையே 70 மில்லிமீட்டர் ஆகிறது. விலகல் 32 மைக்ரானாகச் சுருங்கிவிடும். அதே இடங்களில் புஷ்ஷுக்குப் பதில் சிறிய பால் பேரிங் போட்டால் விலகல் இன்னும் குறையும். இந்த அளவு பேரிங்கில் உள்ளிடைவெளி சில மைக்ரானில் தொடங்கிப் பத்துச் சொச்சம் மைக்ரான் வரைதான். 10 மைக்ரான் என்று வைத்தால் கூம்பின் விலகல் ஆறரை மைக்ரானுக்கு மேல் போகாது. ஜெர்மனியின் கமாண்டன்டே சி40, தைவானின் 1ஸீபிரெசோ வகைகள், சீனாவின் டைம்மோர் எல்லாம் இரண்டு பேரிங் அமைப்பில் ஒன்றுபடுவதற்கு இதுதான் காரணம். விலையில் இவற்றுக்குள் பெரிய இடைவெளி உண்டு. ஆனால் கைப்பிடி நுழையும் இடத்தில் ஒன்று, கூம்புக்கு மிக அருகில் ஒன்று என்ற ஏற்பாடு மலிவான எஃகுக் கிரைண்டருக்கும் இன்று எட்டிவிட்டது. காசு அதிகம் கொடுத்தால்தான் நல்ல தூள் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. எங்கே பிடிப்பு இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

இதை மறுப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு. கூம்பு காலியாகச் சுற்றும்போது ஆடினால் ஆடட்டும், கொட்டை நிறைந்தவுடன் அது தானாகவே நடுவுக்கு வந்துவிடும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. சந்து குறுகிய பக்கத்தில் துணுக்குகள் அதிகம் நெரிபடும். நெரிபடும் துணுக்கு கூம்பைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளல் கூம்பை நடுவை நோக்கி ஓட்டும். சுற்றிலும் துணுக்குகள் சமமாக நிரம்பியிருந்தால் இந்த விசைகள் சமன்படவே செய்யும். ஆனால் நிபந்தனை அந்தச் ‘சமமாக’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. நைஸ் அரைப்பில், சந்து முழுக்க நூற்றுக்கணக்கான துணுக்குகள் நெருங்கி நிற்கும்போது அது ஓரளவு நிறைவேறும். பருமன் அரைப்பில் ஒரே நேரத்தில் கடிபடுவது சில துண்டுகள்தான். ஒரு பக்கம் கொட்டை சிக்கும்போது எதிர்ப்பக்கம் காலியாக இருக்கலாம். சிக்கிய கொட்டை கூம்பை அந்தக் காலியான பக்கம் தள்ளிவிடும். தவிர, வறுத்த கொட்டை மெல்ல நசுங்குவதில்லை, பட்டென்று உடைகிறது. உடைந்த கணத்தில் தள்ளல் மறைந்து கூம்பு திரும்பித் துள்ளும். கடைசிச் சில கொட்டைகள் அரைபடும்போது கைக்குத் தெரியும் அந்தக் கடகடப்பு இதுதான். ஸ்கெர்டன் நைசில் தப்பிப் பருமனில் தடுமாறியதும் இதற்குப் பொருந்தி வருகிறது. கொட்டை செய்யும் சமன்படுத்தல் உதவிக்கு வரும். பேரிங்கின் வேலையை ஏற்றுக்கொள்ளாது.

இரண்டாவது மறுப்பு கொட்டையின் இயல்பைக் காட்டுகிறது. எவ்வளவு துல்லியமான கிரைண்டரிலும் மாவு வரத்தானே செய்கிறது என்பது. வரும். கண்ணாடி உடையும்போது பெரிய துண்டுகளோடு பொடியும் சிதறுவதைப்போல, உடைவிலேயே நைஸ் தூள் பிறக்கிறது. 2016இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் கிறிஸ்டோபர் ஹெண்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கிரைண்டரை மாற்றாமல் கொட்டையை மட்டும் திரவ நைட்ரஜனின் வெப்பநிலை வரை குளிர்வித்து அரைத்தபோது, தூள் நைசாகவும் அளவில் சீராகவும் வந்தது. பர் எவ்வளவு சரியாக நின்றாலும் கொட்டையின் உடைவுத்தன்மைக்கு ஒரு பங்கு உண்டு என்பதே அதன் பொருள். 2020இல் ‘மேட்டர்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, எஸ்பிரெசோவுக்கு ஓர் அளவுக்குமேல் நைசாக அரைத்தால் சாரம் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது, கோப்பைக்குக் கோப்பை மாறுகிறது என்று காட்டியது. தூள் படுகையின் சில பகுதிகள் அடைத்து, நீர் வேறு வழியில் ஓடிவிடுவதால் வரும் வினை. இந்த இரண்டு ஆய்வும் நடு விலகலைப் பற்றியவை அல்ல. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உடைவில் பிறக்கும் மாவே போதுமான தொல்லை என்பது விளங்கும். கப்பிக்கு எல்லை போடுவது சந்தின் அகன்ற பக்கம். அது கட்டுக்குள் இருந்தால் திருகைத் தேவைக்குமேல் இறுக்க வேண்டி வராது. இறுக்காதபோது, தவிர்க்க முடியாத மாவுக்கு மேல் தவிர்க்கக்கூடிய மாவும் சேராது.

பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேர்ந்த நம் காபியில் இந்த மைக்ரான் கணக்கெல்லாம் நாக்குக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். சுவையைப் பொறுத்தவரை பாதி தெரியாது என்று ஒத்துக்கொள்ளலாம்; கெட்டியான பால் பல குறைகளை மூடிவிடும். டிகாஷன் இறங்கும் நேரத்தைப் பால் மூடாது. மாவு மிகுந்த தூளில் முதல் டிகாஷனுக்கே காத்துக்கிடக்க வேண்டியிருக்கும். கப்பி மிகுந்ததில் கண்மூடித் திறப்பதற்குள் வெளிறிய நீர் இறங்கிவிடும். ஒரே கொட்டை, ஒரே அளவு தூள், ஒரே ஃபில்டர் என்றிருந்தும் நேற்றுபோல் இன்று வரவில்லை என்றால், ஆடும் கூம்பைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. நிலையான கோணல் குறைந்தபட்சம் தினமும் ஒரே மாதிரித் தவறு செய்யும், பழகிக்கொள்ளலாம். ஆட்டமோ, அரைக்கும் வேகமும் கொட்டையின் வறுப்பும் மாறும்போதெல்லாம் மாறும்.

அதற்காக ஒவ்வொரு மைக்ரானையும் துரத்திக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. பார்க்க வேண்டியது விலகலுக்கும் சந்துக்கும் உள்ள விகிதம். 800 மைக்ரான் சந்தில் 20 மைக்ரான் விலகல் கணக்கிலேயே வராது. எஸ்பிரெசோவுக்காக 200இல் வைத்தால் அதே 20 பத்தில் ஒரு பங்கு. ஃபில்டர் காபியும் பிரஸ் காபியும் மட்டும் போடுகிறவர், ஆட்டம் இல்லாத சாதாரணக் கிரைண்டரோடு நிம்மதியாக இருக்கலாம். கிளிக் விஷயத்திலும் இதே அளவுகோல்தான். ஒரு கிளிக்குக்கு எட்டு மைக்ரான் என்று பெருமையாகச் சொல்லும் கிரைண்டரின் கூம்பு 50 மைக்ரான் ஆடுமானால், பக்கத்துப் பக்கத்துக் கிளிக்குகளுக்கு இடையே தூளில் வித்தியாசம் தெளிவாகத் தெரிவது கடினம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கிண்ணத்தைக் கழற்றி, கிரைண்டரின் வாயில் மேலிருந்து டார்ச் அடித்து, அடியிலிருந்து பார்த்தால் கூம்பைச் சுற்றி ஓர் ஒளிவளையம் தெரியும். அதன் கனம் சுற்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் கைப்பிடியை மெல்லச் சுற்ற வேண்டும். மெலிந்த இடம் அசையாமல் ஒரே பக்கத்தில் நின்றால் குறை வளையத்தில். கூம்போடு சேர்ந்து சுற்றி வந்தால் குறை கூம்பிலோ தண்டிலோ. அடுத்து, விரலால் கூம்பைப் பக்கவாட்டில் அழுத்தினால் ஒளிவளையம் ஒருபக்கம் சுருங்குகிறதா என்று பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். கொட்டை போடாமல் மெல்லச் சுற்றியபடி திருகை இறுக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் உரசல் கேட்கத் தொடங்கும். அதற்குப் பிறகு கூம்பு முழுவதும் இறுகி நிற்க எத்தனை கிளிக் ஆகிறது என்பதும் ஒரு குறி. ஓரிரண்டு என்றால் நன்று. பத்துப் பன்னிரண்டு என்றால் நடு விலகியிருக்கலாம். பீங்கான் பர்ரில் இந்தச் சோதனையை வெகு மென்மையாகச் செய்ய வேண்டும், விளிம்பு தெறித்துவிடும். புதிய எஃகுப் பர்ரில் ஓரிரு பற்களின் மேடு உரசுவது சகஜம், அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோளாறு வளையத்தில் என்றால் பெரும்பாலும் அது துப்புரவுக் குறைதான். கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டும்போது, வளையம் உட்காரும் படியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிய தூள் துளி போதும், அது தாள் கனத்துக்கு வளையத்தைத் தூக்கிவிடும். உலர்ந்த தூரிகையால் அந்தப் படியைத் துடைத்து, திருகாணிகளை ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக இறுக்கினால் பல கிரைண்டர்கள் அன்றைக்கே திருந்திவிடும். கோளாறு தண்டில் என்றால் அது வேறு வேலை. பல தமிழ் வீடுகளின் பரணில் கிடக்கும், மேசை விளிம்பில் திருகி மாட்டும் பழைய இரும்பு மிஷின்களில் கோளாறு பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றில் தண்டு படுக்கைவாட்டில் ஓடும். கைப்பிடியின் பாரமும் கையின் அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் விழுந்து, வார்ப்பிரும்புத் துளையை வட்டத்திலிருந்து நீள்வட்டமாகத் தேய்த்துவிடும். பல் இன்னும் உறுதியாக இருந்தும் தூள் கப்பியாக வருவதால் அவை பழைய இரும்புக்குப் போகின்றன. அருகில் உள்ள லேத் பட்டறையில் துளையைப் பெரிதாகக் கடைந்து பித்தளை புஷ் ஒன்றை இறுக்கிப் பொருத்தினால் அவை இன்னும் பல வருஷம் உழைக்கும். மிஷினின் உடலை மட்டும் கொண்டுபோனால் போதாது, தண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தேய்ந்த தண்டை முதலில் கடைந்து வட்டமாக்கி, அதன் புதிய அளவுக்குத்தான் புஷ்ஷின் உள்துளையைக் கடைய வேண்டும்.